அலை கடந்த திராட்சரசம்

சென்னைப் பட்டினத்தின் வடபாகத்தில், ராயபுரத்தை ஒட்டி, கல்லால் கட்டிய மண்டபம் ஒன்றினால் பெயர் பெற்று விளங்கும் கல்மண்டபத்தில் இருந்துகொண்டு பிரெஞ்சு தேசத்துத் திராட்சை மதுவின் சரித்திரத்தைப் பேசத் தொடங்குவது பலருக்கு ஆச்சரியத்தை உண்டாக்கக்கூடும். அங்காள பரமேசுவரியின் மயானக் கொள்ளைக்கும், பக்கத்துக் காசிமேட்டு மீனுக்கும், துறைமுகத்தை நோக்கி மணிக்கணக்காக ஊர்ந்து செல்லும் கண்டெய்னர் லாரிகளுக்கும் பேர்போன இந்த வட்டாரத்திற்கும், போர்தோவின் கொடித்தோட்டங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர்கள் கேட்பார்கள். சம்பந்தம் உண்டு. மதுவைக் குடித்தவர்களும் விற்றவர்களும் எழுதிவைத்த கணக்குகளில் அது ஓரமாய்க் கிடக்கிறது. அதைச் சுமந்து கரை சேர்த்தவர்கள் எதையும் எழுதிவைக்கவில்லை.

திராட்சை மதுவைப்பற்றி இன்று எழுதுகிறவர்கள் மண்ணைப்பற்றி எழுதுகிறார்கள். சுண்ணாம்பு மண்ணா, கூழாங்கல் நிலமா, எந்தச் சரிவில் காலை வெயில் விழுகிறது, எந்த ஆண்டில் மழை தவறியது என்பவையெல்லாம் அவர்களுக்கு வேதவாக்கு. அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் மண்ணை விட்டுப் புறப்பட்ட மது, ஆறு மாதமோ எட்டு மாதமோ கப்பலின் அடித்தளத்தில் கிடந்து, பூமத்திய ரேகையை இரண்டு முறை தாண்டி, துறைமுகம் என்ற பெயருக்குக்கூட ஒரு சுவரில்லாத திறந்த கடலில் வந்து நின்றபின், அங்கிருந்து அதைக் கரையேற்றியவர்களையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தச் சரித்திரம் பூர்த்தியாகும் என்பது என் அபிப்பிராயம். சென்னையில் அந்தக் காரியத்தைச் செய்தவர்கள், பிற்காலத்தில் ராயபுரத்தில் குடியமர்ந்த படகோட்டிகளும் அவர்களுடைய முன்னோர்களுமே.

சோழமண்டலக் கரைக்கு அந்நிய மது வந்து இறங்கியது ஐரோப்பியக் கம்பெனிகளின் காலத்தில் தொடங்கிய வழக்கம் அன்று. யவனர் கொண்டுவந்த நறுமணமுள்ள மதுவைப் பொற்கலத்தில் ஏந்திப் பாண்டியன் நன்மாறன் அருந்தியதை நக்கீரர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். 1945 ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் அகழ்ந்தபோது, இரண்டு கைப்பிடியுள்ள மத்தியதரைக் கடல் நாட்டு மதுச் சாடிகளின் ஓடுகள் ஏராளமாக வெளிப்பட்டன. அவற்றில் பல, கிரேக்க நாட்டுக் கோஸ் தீவின் சாடிகளைப் போன்ற அமைப்புடையவை. கோஸ் தீவின் மது, கடல் நீரைக் கலந்து செய்யப்படுவதற்குப் பிரசித்தமானது. நீண்ட கப்பல் யாத்திரையைக் கெடாமல் தாங்கும் மதுவையே வர்த்தகர் நாடினர் என்று ஊகிப்பதற்கு இடமுண்டு. மதுவின் குணத்தை அதன் பிரயாணமும் நிர்ணயிக்கிறது என்ற பாடம் இந்தக் கரையில் அவ்வளவு பழமையானது.

சென்னைக்கு வருவோம். 1639 இல் நிலம் பெற்று மறு ஆண்டில் ஆங்கிலேயர் இங்கே குடியேறினர். 1642 இல் பிரெஞ்சு தேசத்து லுவார் நதிக்கரையிலுள்ள நெவேர் நகரத்தவரான எப்ரேம் என்ற கப்புச்சின் துறவி வந்து சேர்ந்தார். பர்மாவிலுள்ள பெகுவுக்குப் போகக் கருதி வந்த அந்தத் துறவியை, ஆங்கிலேயரின் கோட்டையில் இருந்த கத்தோலிக்கர்களுக்காக இங்கேயே தங்கும்படி கேட்டுக்கொண்டார்கள். அவரும் தங்கிக் கோயில் கட்டினார், பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார், போர்த்துகீசியரால் பிடிக்கப்பட்டு கோவாவில் விசாரணைச் சிறையில் வருந்தினார், விடுதலை பெற்று மீண்டும் இங்கேயே வந்து உழைத்தார். அவருடைய பூசைக்கு மது இன்றியமையாதது. அந்த மதுவோ திருச்சபையின் நியமத்திற்கு உட்பட்டது. திராட்சைக் கனியிலிருந்து இயற்கையாக உண்டானதாக இருக்க வேண்டும், கெட்டுப் புளித்துப் போனதாக இருக்கலாகாது என்பது அந்த நியமம். பல நூற்றாண்டு வழக்காக நிலவிய அதனை 1917 ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பும் உறுதிசெய்தது. மதுவைப்பற்றிச் சென்னைக் கரைக்கு வந்த முதல் விதிகளுள் ஒன்று இதுதான் என்று சொல்லலாம். எந்த ஊர்த் திராட்சை என்று அது கேட்கவில்லை. கலப்படம் உண்டா, கெட்டுப்போயிற்றா என்று மட்டுமே கேட்டது. கொடியே விளையாத ஒரு வெப்பக் கரையில் அந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடுவது எத்தனை கஷ்டமென்பதை எப்ரேம் சாமியார் நன்றாக அறிந்திருப்பார்.

கோட்டைக்குள் இருந்த கம்பெனி உத்தியோகஸ்தர்கள் தொடக்க காலத்தில் பாரசீகத்து ஷிராஸ் மதுவையும், இந்நாட்டுச் சாராயத்தில் எலுமிச்சையும் சர்க்கரையும் கலந்த பானத்தையும் அருந்தி வந்தார்கள். பிரெஞ்சு மது அவர்களுக்கு எளிதில் கிடைக்கவில்லை. அதன் காரணம் அரசியல். பிரான்சுடன் ஓயாமல் யுத்தம் நடத்திய இங்கிலாந்து, 1703 ஆம் ஆண்டு போர்த்துகலுடன் மெத்துவன் உடன்படிக்கை செய்துகொண்டு, போர்த்துகீசிய மதுவுக்குச் சலுகையும் பிரெஞ்சு மதுவுக்குப் பெருந்தீர்வையும் விதித்தது. ஆகவே கிழக்கே வரும் கப்பல்கள் வழியில் போர்த்துகலுக்குச் சொந்தமான மதெய்ராத் தீவில் நங்கூரம் பாய்ச்சி, அத்தீவின் மதுவைப் பீப்பாய் பீப்பாயாக ஏற்றிக்கொள்வது வழக்கமாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டில் சென்னையின் வெள்ளையர் விருந்துகளில் முதலிடம் பெற்ற மது அதுவே.

இங்கே ஒரு விசேஷம் நிகழ்ந்தது. சாதாரணமாக மது வெப்பத்தையும் குலுக்கலையும் தாங்காது. போர்தோவிலிருந்து வந்த மென்மையான சிவப்பு மது வழியிலேயே புளித்துப்போன சந்தர்ப்பங்கள் உண்டு. மதெய்ரா மதுவோ உஷ்ண மண்டலத்தைக் கடந்து, கப்பலின் அடிவயிற்றில் மாதக்கணக்காக வெந்து, ஆடி அலைந்து வந்தபின் புறப்பட்டதைக் காட்டிலும் சிறந்ததாக மாறியிருந்தது. இதைக் கண்ட வர்த்தகர்கள், இந்தியாவுக்குப் போய்வந்த மது என்றே தனிப்பெயரிட்டு அதற்கு அதிக விலை வைத்தார்கள். விற்பதற்காக அல்லாமல், கடலில் ஒரு சுற்றுச் சுற்றிவருவதற்காகவே சில பீப்பாய்கள் கிழக்கே அனுப்பப்பட்டு ஊர் திரும்பின. பிறகு அதே பலனை நிலத்திலேயே பெறுவதற்காகத் தீவினர் சூடேற்றிய அறைகளில் மதுவை வைக்கும் முறையைக் கண்டார்கள். மண்ணும் கொடியும் பாதி செய்ய, நம் கடலின் வெயில் மீதியைச் செய்த மது அது.

அந்த மதுவைக் கரையேற்றிய விதத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கப்பல்கள் கரைக்கு ஒரு மைல், சில சமயம் இரண்டு மைல் தூரத்தில் ஆழமுள்ள இடம் பார்த்து நிற்கும். நடுவே அலை முறியும் வரிகள்; அவற்றில் ஐரோப்பியரின் கனத்த மரப்படகுகள் சிதறிப்போகும். அதைக் கடக்க வல்லது மசூலாப் படகு ஒன்றே. அதில் ஆணி கிடையாது, உள்ளே விலா எலும்புபோன்ற சட்டங்களும் கிடையாது. பலகைகளின் விளிம்புகளைத் துளையிட்டு, இடையே வைக்கோல் செருகி, தென்னை நார்க் கயிற்றால் துணியைத் தைப்பதுபோல் தைத்திருப்பார்கள். அலை மோதினால் அது வளைந்து கொடுக்கும்; மணலில் மோதினால் நெளிந்து தாங்கும். பின்புறத்தில் நீண்ட துடுப்பைப் பிடித்துத் தண்டல் நிற்பார். அவருடைய குரலுக்குப் பாட்டாலேயே பதில் சொல்லிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பேர் வலிப்பார்கள். அலையின் எழுச்சியைப் பார்த்து நிற்பதும், ஒரு கணம் தாமதித்துச் சட்டென்று பாய்வதும் தண்டலின் கண்ணில் இருக்கும் சாஸ்திரம். அதைப் புத்தகத்தில் படித்தவர் யாரும் இல்லை. கூடவே கட்டுமரங்கள் வரும், படகு கவிழ்ந்தால் ஆளைத் தூக்குவதற்கு.

மதெய்ராவின் ஒரு பெரிய பீப்பாயில் நானூறு லிட்டருக்கு மேல் மது கொள்ளும். மரத்தையும் சேர்த்தால் அரை டன் எடை இருக்கும். ஆடும் கப்பலின் பக்கத்திலிருந்து ஆடும் படகிற்குள் அதைக் கயிற்றில் இறக்கி, அலை வரிகளைத் தாண்டி, ஈர மணலில் உருட்டி, கோட்டையின் கடல் வாசலுக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தக் கடல் வாசலில்தான் வர்த்தகர்கள் கூடினார்கள். சரக்குகள் ஏலம் போயின. துபாஷிகள் பேரம் பேசினார்கள். படகோட்டிகள் அதிகக் கூலி கேட்டார்கள், பயமுறுத்திப் பணம் வாங்கினார்கள் என்று குறைகூறிய ஐரோப்பியப் பிரயாணிகள் பலர். உயிரைப் பணயம் வைத்தவர்கள் கேட்ட கூலியை, உயிரைக் காப்பாற்றிக்கொண்டு மணலில் கால் வைத்தபின் அதிகம் என்று எழுதியது நியாயமாக எனக்குத் தோன்றவில்லை.

இதே கரைக்குப் பிரெஞ்சுக்காரர்கள் மதுவோடு வரவில்லை, பீரங்கிகளோடு வந்தார்கள். 1746 செப்டம்பரில் லபோர்தொனே கப்பற்படையோடு வந்து சென்னையைக் கைப்பற்றினார். அக்டோபர் பாதிக்குமேல் இந்தத் திறந்த கடலில் கப்பல் நிற்கக் கூடாது என்பது இங்குள்ளவர் அனைவரும் அறிந்த விதி. வடகிழக்குப் பருவக் காற்றை முன்னிட்டுக் கோட்டையின் கொடியையே இறக்கிவிடுவார்கள். அவரோ பணம் பேசுவதில் காலத்தைக் கடத்தினார். அக்டோபர் 13 ஆம் தேதி இரவு எழுந்த புயலில் அவருடைய கப்பல்கள் சிதறின. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். 1749 இல் சென்னை மீண்டும் ஆங்கிலேயர் கைக்கு வந்தபோது, பிரெஞ்சுக்காரருக்கு உதவினார்கள் என்ற சந்தேகத்தின்பேரில் கப்புச்சின் துறவிகள் கோட்டைக்குள் இருந்த தங்கள் கோயிலை இழந்தார்கள். ஆர்மேனியன் தெருவில் இன்றும் நிற்கும் மாதா கோயில் அவர்கள் பிற்பாடு எழுப்பியதே.

மறுபடியும் 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி முற்றுகையிட வந்தார். அம்மாதம் 14 ஆம் தேதி அவருடைய சேனை, கோட்டைக்கு வடக்கே அப்போது கறுப்பர் பட்டணம் என்று அழைக்கப்பட்ட பகுதிக்குள் புகுந்தது. நெடுநாள் சம்பளம் காணாமல் பசித்திருந்த சிப்பாய்கள் வீடுகளைக் கொள்ளையிட்டார்கள். அங்கிருந்த சாராயக் கிடங்குகளைக் கண்டார்கள். சிறிது நேரத்தில் பட்டாளத்தில் பலர் நிற்க முடியாத நிலையை அடைந்தார்கள். அந்தச் செய்தி கோட்டைக்கு எட்டியதும் டிரேப்பர் என்ற தளபதி சில நூறு வீரர்களோடு வெளியே பாய்ந்தார். தெருக்களில் நடந்த சண்டையில் இரு தரப்பிலும் பலர் மடிந்தனர். பிற்காலத்தில் அமெரிக்க சுதந்திர யுத்தத்தில் பிரெஞ்சுக் கப்பற்படையை நடத்திச் சென்ற தெஸ்தேன் பிரபு அன்று சென்னையில் கைதியானார். அந்தச் சண்டை முற்றுகையை முடித்துவிடவில்லை. 1759 பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் வந்து நின்ற பிறகே லாலி பின்வாங்கினார். மதுவின் நாகரிகத்திற்குப் பேர்பெற்ற ஒரு தேசத்தின் சேனை, நம் ஊர்ச் சாராயத்தால் நிலைகுலைந்த அந்தப் பகலில் கொள்ளை போனவை இந்நகரத்து எளியவர்களின் வீடுகள் என்பதைப் போர்ச் சரித்திரக்காரர்கள் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அந்த அனுபவத்துக்குப் பின் கறுப்பர் பட்டணத்தைச் சுற்றி 1769 ஐ அடுத்த ஆண்டுகளில் மதில் எழுப்பப்பட்டது. அதன் எச்சத்தை ராயபுரம் பக்கத்து மாடிப் பூங்காவில் இன்றும் காணலாம். மதிலுக்கு வடக்கே, படகோட்டிகளும் மீனவர்களும் குடியிருந்த பகுதி, பேதுரு எனப்படும் ராயப்பர் பெயரால் வளர்ந்தது. கடலில் வலித்துச் சம்பாதித்த கூலியிலிருந்து அவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டிய ராயப்பர் கோயிலின் பீடத்திலும் திராட்சரசம் வைக்கப்பட்டது. கப்பலிலிருந்து பிறருக்காக இறக்கிய சரக்கில், அவர்களுக்கென்று வந்து சேர்ந்தது அந்தக் கிண்ணத்தில் உள்ளது மாத்திரமே.

அந்நூற்றாண்டில் பிரெஞ்சு மது தாராளமாக வரத் தொடங்கியது. 1832 இல் மெட்ராஸ் கிளப் தோன்றியது; 1842 இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டப்பட்டது; அந்தக் கட்டிகளும் படகோட்டிகளின் கையால் இறங்கியவையே. போர்தோவின் சிவப்பு மதுவும் ஷாம்பெயினும் இந்த வெயிலிலும் குளிர்ந்து மேசைக்கு வந்தன. 1860 இல் இங்கிலாந்தும் பிரான்சும் செய்துகொண்ட வர்த்தக உடன்படிக்கை தீர்வையைக் குறைத்தது. 1863 இல் தொடங்கிய ஸ்பென்ஸர் கம்பெனியின் கடையில் புட்டிகள் அடுக்கப்பட்டன. 1856 இல் ராயபுரத்திலிருந்து வாலாஜாவை நோக்கிப் புறப்பட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில், அந்தச் சரக்கு உள்நாட்டுக்குப் போகும் வழியையும் திறந்தது.

துறைமுகம் வந்தபோது படகுக்கு வேலை போயிற்று. 1875 இல் தொடங்கிய அலைத்தடுப்புச் சுவர்களை 1881 நவம்பர்ப் புயல் உடைத்தெறிந்தது. பின்னர் அவை திரும்பக் கட்டப்பட்டு, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் வடகிழக்கு வாயிலோடு நிலைபெற்றன. தெற்கேயிருந்து வரும் மணலைச் சுவர் தடுத்து நிறுத்தியதால் மெரினா அகலமாயிற்று. மணல் கிடைக்காத வடகரையைக் கடல் அரித்தது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரையோரத்தில் கருங்கற்களைக் குவித்து வீடுகளைக் காக்கவேண்டி வந்ததன் மூலகாரணம் அதுவே. தலைமுறை தலைமுறையாகச் சரக்கை இறக்கிக் கொடுத்தவர்களுடைய தொழிலையும் அவர்களுடைய நிலத்தையும் ஒரே சுவர் எடுத்துக்கொண்டது.

இந்தக் காலத்தில் பிரான்சிலும் பெருங்கலக்கம். கொடியின் வேரை அழிக்கும் பூச்சி 1860களில் தோன்றித் தோட்டங்களைப் பாழாக்க, தட்டுப்பாட்டைப் பயன்படுத்தி உலர்ந்த திராட்சையிலும் சர்க்கரைத் தண்ணீரிலும் போலி மது செய்து பெரிய ஊர்களின் பெயரை ஒட்டி விற்றவர்கள் மலிந்தார்கள். 1855 இல் போர்தோவின் தரகர்கள் விலையை அளவாகக் கொண்டு தோட்டங்களை வரிசைப்படுத்தியிருந்தார்கள். அந்த வரிசையால் போலியைத் தடுக்க இயலவில்லை. 1905 இல் மோசடிக்கு எதிரான சட்டம் பிறந்தது. 1911 இல் ஷாம்பெயின் பிரதேசத்து விவசாயிகள், வெளியூர்த் திராட்சையைக் கொண்டுவந்து தங்கள் ஊர்ப் பெயரில் விற்ற வியாபாரிகளின் கிடங்குகளைத் தாக்கி மதுவைத் தெருவில் ஓடவிட்டார்கள். பட்டாளம் வர நேர்ந்தது. ரோன் நதிக்கரையின் ஷாத்தோநெஃப் என்ற ஊரில் லெ ருவா பிரபுவின் தலைமையில் விவசாயிகள் 1923 இல் தாங்களே விதிகளை வகுத்துக்கொண்டார்கள்: லாவெண்டரும் தைம் செடியும் விளையும் வறண்ட நிலத்தில் மட்டுமே கொடி நட வேண்டும், இன்னின்ன வகைத் திராட்சை மட்டுமே, சர்க்கரை சேர்க்காமலே பன்னிரண்டரை சதவிகிதம் சாராயச் சத்து இருக்க வேண்டும். 1935 இல் அரசு இம்முறையைத் தேசம் முழுவதற்கும் சட்டமாக்கியது. அடுத்த ஆண்டே ஷாத்தோநெஃப் உள்ளிட்ட முதல் ஊர்ப்பெயர்கள் அங்கீகாரம் பெற்றன. உழுதவனுக்கே ஊர்ப்பெயரின் மீது உரிமை என்று அந்த விவசாயிகள் நிலைநாட்டியதை நான் மிகவும் மதிக்கிறேன். அந்தப் பெயர்களின் பலத்தில்தான் இன்று அவர்களுடைய சங்கங்கள் அந்நிய நகரங்களில் சுவைத்துப் பார்க்கும் விருந்துகளை நடத்துகின்றன. நவம்பர் மூன்றாவது வியாழக்கிழமையில் புதிய பொஜொலே மதுவை உலகமெங்கும் ஒரே நாளில் திறக்கின்றன.

அதே 1930களில் தமிழ்நாடு வேறு திசையில் சென்றது. கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரம் வகுத்த திருவள்ளுவரின் நாட்டில், 1937 அக்டோபரில் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1948 அக்டோபர் 2 இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அதை மாகாணம் முழுவதற்கும் விரித்தார். பிரெஞ்சுக் கொடி 1954 வரை பறந்த புதுச்சேரியில் மட்டும் பழைய வழக்கம் தொடர்ந்தது. மதுவிலக்கின் சரித்திரம் தனியே எழுதவேண்டிய பெரிய விஷயம். எப்ரேம் சாமியார் காலத்துக் கேள்வி மட்டும் சட்டப் புத்தகத்தில் இடம்பெற்று நிற்கிறது. பூசைக்குரிய திராட்சரசத்திற்கென்றே தமிழ்நாட்டில் 1984 ஆம் ஆண்டின் தனி விதிகள் உள்ளன.

பிரெஞ்சு விவசாயிகளின் சட்டமும் வேறு வழியாக இந்நகரத்திற்கு வந்து சேர்ந்தது. உலக வர்த்தக ஸ்தாபனத்தின் உடன்படிக்கையில், ஐரோப்பியர் விடாமல் வற்புறுத்தியதன் பேரில், மதுவகைகளின் ஊர்ப்பெயர்களுக்குத் தனியான பாதுகாப்பு எழுதப்பட்டது. அதற்கிணங்க இந்தியா 1999 இல் புவிசார் குறியீட்டுச் சட்டம் இயற்றி 2003 இல் அமுலுக்குக் கொண்டுவந்தது. தேசம் முழுவதற்குமான பதிவாலயம் சென்னைக் கிண்டியில் அமைந்தது. ஷாம்பெயினும் கொன்யாக்கும் இந்தியாவில் தங்கள் பெயரைக் காத்துக்கொள்ள விண்ணப்பித்துப் பதிவுபெற்றது அங்கேதான். தேனி மாவட்டத்துக் கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023 இல் குறியீடு கிடைத்ததும் அங்கேதான். அந்தக் கொடியைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்பது அவ்வட்டாரத்தின் கர்ண பரம்பரைச் செய்தி.

விண்ணப்பிக்கிறவர்கள் பிரதேசத்தின் வரைபடத்தையும், மண், தட்பவெப்பம் முதலிய இயற்கைக் காரணங்களையும், உற்பத்தியில் மனிதர்களின் திறமைக்குள்ள பங்கையும் எழுதித்தர வேண்டும் என்று சட்டம் கேட்கிறது. விளைவித்தவர்களையும் செய்தவர்களையும் கருதி எழுதப்பட்ட வாசகம் அது; அதன் நோக்கத்திற்கு அது போதும். கடலே பாதியைச் செய்த அந்தப் பழைய மதெய்ரா மதுவின் சரித்திரத்திற்கோ அது போதாது. அதை முழுமையாக எழுத முன்வருகிறவர், தீவின் சரிவுகளையும் கப்பல் கம்பெனிகளின் கணக்கையும் பார்த்தபின், ராயபுரத்துக்கு வந்து, நாரால் தைத்த படகு எப்படிக் கட்டப்பட்டது, தண்டலுக்கும் வலித்தவர்களுக்கும் கூலி எப்படிப் பிரிக்கப்பட்டது, பீப்பாய் கடலில் விழுந்தால் நஷ்டம் யார் தலையில் விழுந்தது என்பவற்றை, அந்தக் குடும்பங்களின் வாய்மொழியாக இன்னும் மிஞ்சியிருக்கக்கூடியதையும் கோயில் பதிவேடுகளையும் துறைமுகத்தின் பழைய காகிதங்களையும் கொண்டு விசாரித்து எழுத வேண்டும்.